பழைய காருக்குப் பொருந்தும் சென்சார்

இன்ஜின் சூடான பிறகும் பெட்ரோலை அளவுக்கு மீறிக் குடித்துக் கரும்புகை கக்கும் பழைய கார்களில், நான் முதலில் சந்தேகிப்பது, இன்ஜினைக் குளிர்விக்கும் நீரின் (கூலன்ட்) சூட்டைக் கணினிக்குச் சொல்லும் வெப்பநிலை சென்சாரைத்தான். வேலூர்க் கடைகளில் “இதுவும் அதேதான் சார்” என்று எடுத்து நீட்டப்படுவது மரையில் கச்சிதமாகப் பொருந்திவிடும். மின்தடை கூடுதலாக இருந்தாலோ, இன்ஜின் கணினி கொதிக்கும் நீரையும் குளிர்ந்ததென்று எண்ணிக்கொண்டு எரிபொருளைக் கூட்டும்.

பல கார்களில் 20 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 2,500 ஓம் மின்தடை காட்டும் சென்சார், 80 டிகிரியில் 300 ஓம் அளவுக்கு இறங்கும். ஆகவே பழையதன் உடலில் பொறித்த எண்ணைக் குறித்துக்கொண்டு போவதோடு, புதியதன் முனையைச் சுடுநீரில் அமிழ்த்தி, மல்டிமீட்டரில் ஓம் இறங்குவதைப் பார்த்த பின்பே காசு கொடுக்கிறேன். கடைக்காரர் முகம் சுளிக்கலாம். சுடுநீருக்குப் பக்கத்து டீக்கடை இருக்கிறது. டாஷ்போர்டு முள்ளுக்கு மட்டுமான ஒற்றை முனைச் சென்சார், கணினிக்கான இரட்டை முனைச் சென்சாருக்கு மாற்றாகாது.