மூன்று வரிப் பேட்ச், முப்பது வரி விளக்கம்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில், ஒரு சாதனத்தை இயக்கும் டிரைவர் நிரலில் சிறு பிழை இருந்தது. சாதனத்தைத் தொடங்கும் வேலை பாதியில் தோற்றால், அதற்குள் ஒதுக்கிய நினைவகத்தை விடுவிக்காமலேயே திரும்பிவிடும். திருத்தத்துக்கு மூன்று வரிகள் போதும். ஆனால் அந்த மூன்று வரிகளை உள்ளே சேர்க்க நான் எழுதிய மின்னஞ்சல்கள், நிரலைப் போலப் பல மடங்கு நீளம்.

நிரலே தனக்காகப் பேசும் என்று பலர் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தவரை அது வாய் திறப்பதே இல்லை. நான் யார், என்ன படித்தேன் என்பதெல்லாம், மாற்றங்களைப் பார்த்து ஏற்கும் பராமரிப்பாளருக்குத் தெரியாது. அவருக்கு வரும் எத்தனையோ பேட்ச்களுக்கு, அதாவது நிரல் திருத்தங்களுக்கு, நடுவே என்னுடையதும் ஒன்று. அவர் முதலில் படிப்பது விளக்கத்தைத்தான்: என்ன கோளாறு, பயன்படுத்துபவருக்கு அதனால் என்ன ஆகிறது, இந்த வழியில் ஏன் திருத்த வேண்டும். பிழை எந்தப் பழைய மாற்றத்தில் நுழைந்தது என்பதை அந்த மாற்றத்தின் அடையாள எண்ணில் முதல் 12 எழுத்துகளோடு ‘ஃபிக்சஸ்’ வரியில் குறிக்க வேண்டும். கடைசியில் ‘சைன்ட்-ஆஃப்-பை’ வரி. இந்த நிரலைத் தர எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி அது. 2004-இல் வந்த வழக்கம்.

யாருக்கு அனுப்புவது என்பதை கெர்னலோடு வரும் ஒரு ஸ்கிரிப்டே சொல்லிவிடும். பேட்ச் இணைப்பாகப் போகக் கூடாது, மின்னஞ்சலின் உடலிலேயே வெற்று எழுத்தாக இருக்க வேண்டும். மறுமொழி எழுதுபவர் ஒவ்வொரு வரிக்கும் கீழேயே கருத்தைச் சொல்ல அதுதான் வசதி.

அனுப்பிய பிறகு மௌனம். நினைவூட்டுவதற்கு முன் குறைந்தது ஒரு வாரம் பொறுக்கச் சொல்கிறது கெர்னல் ஆவணம். புதிய மாற்றங்களைத் திரட்டும் இரண்டு வார இணைப்புக் காலம் என்றால் இன்னும் பொறுக்க வேண்டும். மௌனம் மறுப்பு அல்ல என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் இந்த நாள்கள் நிம்மதியாகக் கழிந்திருக்கும்.

பராமரிப்பாளரிடமிருந்து வந்த பதில் ஒரே வரி: நினைவகம் தானாக விடுபடும் ‘டெவ்எம்’ வகைச் செயற்கூற்றை ஏன் பயன்படுத்தவில்லை?

வணக்கம் இல்லை, நன்றி இல்லை. முதலில் சுருக்கென்றது. மறுபடி படித்தபோது அது உண்மையான கேள்வி என்று புரிந்தது. சரி என்று தலையாட்டி மாற்றி அனுப்பியிருக்கலாம். ஆனால் என் பக்கம் காரணம் இருந்தது. அந்த டிரைவர் மற்ற எல்லாவற்றையும் கையாலேயே, ஒரு குறிப்பிட்ட வரிசையில் விடுவிக்கிறது. ஒன்றை மட்டும் தானியங்கியாக்கினால் அந்த வரிசை மாறிவிடும். மேலும், இது ஏற்கெனவே வெளியாகி, பிழைத்திருத்தங்களைப் பெற்றுவரும் பழைய நிலைப் பதிப்புகளுக்கும் போக வேண்டிய திருத்தம். அங்கே மாற்றத்தின் முன்னும் பின்னும் காட்டப்படும் சூழல் வரிகளையும் சேர்த்து 100 வரிகளுக்குமேல் ஏற்பதில்லை என்பது விதி. எனவே இப்போது சிறிய திருத்தம் மட்டும், முழு மாற்றத்தைத் தனிப் பேட்சாகப் பிறகு தருகிறேன் என்று அவருடைய கேள்விக்குக் கீழேயே எழுதினேன். எந்தச் சாதனத்தில் எப்படிச் சோதித்தேன் என்பதையும் சேர்த்தேன்.

இந்தக் காரணத்தை விளக்கத்திலேயே எழுதுங்கள், அடுத்தவரும் இதையே கேட்பார் என்றார். இந்த ஆலோசனைதான் எல்லாவற்றிலும் பெரிது. நான் அவருக்கு மட்டும் பதில் சொல்வதாக நினைத்திருந்தேன். அவரோ பல ஆண்டுகள் கழித்து அந்த வரியைத் தொட வருபவரையும் மனத்தில் வைத்திருந்தார். பேட்சின் இரண்டாம் பதிப்பில், விளக்கத்தின் முடிவில் வரும் மூன்று சிறு கோடுகளுக்குக் (---) கீழே என்ன மாறியது என்று குறித்தேன். அந்தப் பகுதி நிரலின் வரலாற்றில் பதிவாகாது, பரிசீலிப்பவருக்கு மட்டுமே. அதுவரை ஒரு வார்த்தையும் சொல்லாத வேறொருவர், பரிசீலித்துச் சரி என்று ஒப்புக்கொள்ளும் ‘ரிவ்யூட்-பை’ வரியைக் கொடுத்தார். ஏற்றுக்கொண்டதாகப் பராமரிப்பாளரின் பதிலும் வந்தது.

அதன் கடைசி வரியில் கேட்டிருந்தார்: “அந்தத் தனிப் பேட்ச் எப்போது வரும்?”