மூன்று நிமிடக் கணக்கு

ஆபரேட்டரிடம் பதிந்து காத்திருந்து, மூன்று நிமிடக் கணக்கில் வெளியூருக்குப் பேசிய ட்ரங்க் கால் காலத்தைப் பற்றி உருகி உருகிப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். காத்திருந்து பேசியதில் ஓர் அன்பு இருந்ததாம். 1974-இல் தபால் தந்தி இலாகாவில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்து, மதுரையில் ட்ரங்க் போர்டின் முன்னால் இளமையைக் கழித்தவள் நான். காத்திருந்தவர்களிடமிருந்து என் காதில் விழுந்தது பெரும்பாலும் வசவுதான்.

180-ஐச் சுழற்றினால் புக்கிங். எந்த ஊர், என்ன எண், ஆர்டினரியா, அர்ஜென்ட்டா, லைட்னிங்கா, யார் எடுத்தாலும் பேசுவீர்களா, இன்னார்தான் வர வேண்டுமா என்றெல்லாம் கேட்டு டிக்கெட்டில் குறித்துக்கொள்வோம். அர்ஜென்ட்டுக்கு இரட்டைக் கட்டணம், லைட்னிங்குக்கு அதற்கும் மேல். காலையில் பதிந்த ஆர்டினரி கால் பொழுது சாய்ந்தும் கிடைக்காது. இருந்த லைன்கள் கொஞ்சம், கேட்டவர்கள் ஏராளம். விருதுநகர் வத்தல் மண்டிக்காரரும் போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரியும் சத்தம் போட்டாலும், மறுநாள் "என்னம்மா, நல்லாயிருக்கியா?" என்று சமாதானமாகிவிடுவார்கள். சாவுச் செய்தி சொல்ல வந்தவர்களைத்தான் என்னால் தாங்க முடியாது. மகன் பம்பாயில் இருப்பான். அவன் வரும்வரை வைத்திருப்பதா, எடுத்துவிடுவதா என்று வீட்டில் பெரியவர்கள் கூடி நிற்பார்கள். லைன் கிடைப்பதற்குள் எடுத்துவிட்டார்கள் என்று எத்தனையோ டிக்கெட்டுகளை ரத்து செய்திருக்கிறோம். அந்தக் காத்திருப்பில் யாருக்கு என்ன இனித்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

1984 அக்டோபர் 31 அன்று, இந்திரா காந்தி சுடப்பட்ட செய்தி பரவியதும் போர்டில் விளக்குகள் அணையவே இல்லை. டில்லியில் பிள்ளைகளை வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் டில்லி கேட்டார்கள். வீட்டுக்குப் போகலாம் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஆபரேட்டர் வேலையில் ஷிப்டுதான் குடும்பத்தை நடத்தும், கடிகாரம் அல்ல. ஸ்பிளிட் டியூட்டி என்று ஒன்று உண்டு: காலையில் பாதி, மாலையில் பாதி. நடுவில் வீட்டுக்கு ஓடிச் சமைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். இரவு டியூட்டிக்குப் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினால் தெருவே வாசலில் வந்து நின்று பார்க்கும். என் மாமியார் அந்தத் தெருவோடு சேர்ந்துகொண்டு என்னைக் குறை சொல்வார். ஆனால் விடியற்காலையில் நான் திரும்பும்போது காப்பிக்குப் பால் காய்ச்சி வைத்திருப்பார். பிள்ளைகள் இரண்டையும் வளர்த்தவர் அவர்தான். வாயால் செய்த கெடுதலையெல்லாம் கையால் ஈடுசெய்துவிடுகிற ரகம். என் கணவர் பள்ளி ஆசிரியர். அவரைவிட எனக்குச் சம்பளம் கூடுதல் என்பதை உறவினர்களிடம் அவர் சொன்னதில்லை. நானும் சொல்லிக்காட்டியதில்லை. வீடு கட்டியது இலாகா கொடுத்த எச்.பி.ஏ. என்ற வீட்டுக் கடனில், மகள் கல்யாணம் நடந்தது என் ஜி.பி.எஃப். சேமநிதிப் பணத்தில். இது ஊருக்கே தெரிந்த கணக்கு.

ஆபரேட்டர் இல்லாமல் நேராக வெளியூர் எண்ணைச் சுழற்றும் எஸ்.டி.டி. வந்தது. தெருமுனையில் மஞ்சள் பூத்துகள் முளைத்தன. போர்டில் நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. எங்களில் சிலரை 197-க்கு, எண் சொல்லும் பிரிவுக்கு, மாற்றினார்கள். தோழிகள் சிலர் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. கழுத்து வலி குறைந்தது, அவ்வளவுதான். நான் உண்மையில் பயந்தது 2000-இல். அக்டோபர் 1 முதல் நாங்கள் அரசு இலாகாவாக இல்லாமல் பி.எஸ்.என்.எல். என்ற கம்பெனி ஆகப்போகிறோம் என்றதும் எல்லோருக்கும் ஒரே கேள்வி: பென்ஷன் என்னாகும்? செப்டம்பரில் வேலைநிறுத்தம் செய்தோம். மாத இறுதியில் பென்ஷன் விதிகளில் 37ஏ என்ற பிரிவைச் சேர்த்து, அரசுப் பென்ஷன் உண்டு என்று உறுதி கொடுத்தார்கள். அந்த எண்ணை நான் என் திருமண நாளைப் போல ஞாபகம் வைத்திருக்கிறேன்.

2012-இல் ஓய்வு பெற்றேன். மறு ஆண்டு ஜூலையில் தந்தி சேவையை மூடினார்கள். அதுவரை தந்தி பக்கமே போகாதவர்கள்கூட வரிசையில் நின்று தங்கள் பெயருக்கே கடைசித் தந்தி கொடுத்துக்கொண்டார்கள். தொலைக்காட்சியில் பார்த்தேன். 2020 ஜனவரி 31 அன்று விருப்ப ஓய்வுத் திட்டத்தில் எழுபத்தெட்டாயிரத்துக்கும் அதிகமானோர் ஒரே நாளில் பி.எஸ்.என்.எல்.லைவிட்டு வெளியேறியபோது எந்த வரிசையும் இல்லை.

கணவர் காலமான பிறகு மகள் என்னைச் சென்னைக்கு அழைத்து வந்துவிட்டாள். நவம்பர் வந்தால் பென்ஷனுக்கு உயிர்வாழ்வுச் சான்று கொடுக்கிறேன், மாதம் பிறந்தால் என் கணக்கில் என் பணம் விழுகிறது. பேரனுக்குச் சைக்கிள் வாங்கித் தர யாரிடமும் கை நீட்டவில்லை. என் வயதில் அண்டை வீட்டுப் பெண்மணி மருந்துச் சீட்டை மருமகன் கண்ணில் படும்படி மேசையில் வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். அதைப் பார்க்கும்போது அந்த ஸ்பிளிட் டியூட்டிக்கு இப்போதுதான் முழுச் சம்பளம் வருவதுபோல் இருக்கிறது.

மகள் கணினி நிறுவனத்தில் வேலை செய்கிறாள். அமெரிக்காக்காரர்களுக்குப் பகல் என்றால் இவளுக்கு இரவு. பேரனை நான் பார்த்துக்கொள்கிறேன். என் மாமியார் எனக்குச் செய்ததுதான். ஆனால் அவருக்கு வார விடுமுறை கிடையாது. நான் ஞாயிற்றுக்கிழமை டியூட்டி பார்ப்பதில்லை என்று மகளிடமும் மருமகனிடமும் முதல் வாரமே சொல்லிவிட்டேன்.