மலம்புழா: பூங்காவைத் தாண்டிக் கொஞ்சம் போங்க

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு, பாலக்காட்டுப் பக்கம் அணையும் ஏரியும் பூங்காவுமாக இருக்கிற மலம்புழாவைப் பற்றிச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். பள்ளிச் சுற்றுலாவா, புதுமாப்பிள்ளை பெண்ணா, ஊரிலிருந்து வந்த விருந்தாளியா, யாராக இருந்தாலும் மலம்புழாவுக்குத்தான் கூட்டிக்கொண்டு போவோம். தெரிந்தும் எழுதுகிறேன். போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பூங்காவைச் சுற்றி, நீரூற்றுக்கு விளக்குப் போட்டதும் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு, ஏரியை ஒழுங்காகப் பார்க்காமலேயே பஸ் ஏறிவிடுகிறார்கள்.

இந்தத் தடவை அம்மாவும் சித்தியும் கூட வந்தார்கள். தை மாதக் கடைசி. உக்கடத்தில் பாலக்காடு பஸ். வாளையாறு தாண்டிக் கஞ்சிக்கோடு வருவதற்குள் இரண்டு பக்கமும் பனைமரம் கூடிவிடும், காற்றும் கூடிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலை இந்த இடத்தில் முப்பது கிலோமீட்டருக்கும் மேலாக அறுந்து கிடக்கிறது. கோவைக்குள் வீசுகிற ஆடிக்காற்று இந்தக் கணவாய் வழியாகத்தான் நுழைகிறது. தையில்கூடக் காற்றுக்குக் குறைவில்லை. "கண்ணாடிய ஏத்தி உடு கண்ணு, காது அடைக்குது" என்று சித்தி வாளையாறிலேயே ஆரம்பித்துவிட்டார்.

பாலக்காடு டவுனிலிருந்து மலம்புழா பத்துக் கிலோமீட்டர் சுமார். ரயிலில் வருகிறவர்கள் இறங்கும் ஜங்ஷன் ஓலவக்கோட்டில் இருக்கிறது, அங்கிருந்து இன்னும் கிட்டம். பஸ் நிறைய உண்டு. எங்களோடு பெரியவர்கள் இருந்ததால் ஆட்டோ பிடித்தோம். "முதலில் கவா, அப்புறம்தான் அணை" என்றதும் ஆட்டோக்காரச் சேட்டன் என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக, "சாதாரணமா எல்லாரும் கார்டன்தானே கேப்பாங்க" என்றார்.

கவா என்பது அணையைத் தாண்டி ஏரியை ஒட்டியே போகும் சாலையில் வருகிற இடம். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் மலையடிவாரம். டிக்கெட் கிடையாது, கேட் கிடையாது, கட்டிவைத்த 'வியூ பாயிண்ட்' எதுவும் கிடையாது. இரண்டாம் போக நெல்லுக்குத் தண்ணீர் திறந்துவிட்டிருந்ததால் ஏரி கொஞ்சம் உள்வாங்கியிருந்தது. அப்படி உள்வாங்கும்போது கரையில் புல் முளைத்து, பார்த்த கண் கூசுகிற பச்சையாகிவிடுகிறது. மாடுகள் பாட்டுக்கு மேய்கின்றன, ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு கொக்கு காவல். தண்ணீர் இறங்கின தடம் கரைச்சேற்றில் படிப்படியாகக் கோடு போட்டிருந்தது. ஓரத்தில் மாட்டுக் குளம்பு பதிந்த குழியொன்றில் கையகலத் தண்ணீர். அதற்குள் நெல்மணி நீளத்துக்கு மீன்குஞ்சுகள், எங்கள் நிழல் பட்டதும் ஒரே மூலைக்கு ஒதுங்கின. அம்மா பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து, "ஏரி இன்னும் எறங்குனா இதுங்க என்ன பண்ணும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. சித்தி தன் தண்ணீர் பாட்டிலை அந்தக் குழிக்குள் கவிழ்த்துவிட்டு வந்தார்.

கிளம்பும்போது சேட்டன் வண்டியை நிறுத்தி, எதிரே செங்குத்தாக நின்ற பாறை மலையைக் காட்டினார். குறும்பாச்சி மலை. 2022 பிப்ரவரியில் ஏறப்போன ஓர் இளைஞர் சறுக்கிப் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டு, இரண்டு நாளாகச் சோறு தண்ணி இல்லாமல் கிடந்து, கடைசியில் ராணுவம் வந்து கயிறு கட்டி மேலே ஏற்றியதே, அந்த மலை. டிவியில் பார்த்தபோது ஏதோ சின்னக் குன்று என்றுதான் நினைத்திருந்தேன். நேரில் அந்தப் பாறையின் சுவர் மாதிரியான முகத்தைப் பார்த்ததும் அடிவயிறு கலங்கியது. அனுமதி இல்லாமல் ஏறுகிற யோசனை யாருக்காவது இருந்தால், இந்தப் பக்கம் வந்து ஐந்து நிமிடம் அண்ணாந்து பார்த்தால் போதும்.

இன்னொன்றையும் அவர் சொன்னார். பொழுது சாய்ந்தால் கவாவிலும் அதற்கப்பால் ஆனக்கல் பக்கமும் நிற்கவேண்டாம், யானை தண்ணிக்கு இறங்கும். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. பக்கத்தில் தோணி என்ற ஊர்ப் பகுதியில் வயலையும் வீட்டுப் பக்கத்தையும் விடாமல் சுற்றிக்கொண்டிருந்த பி.டி.-7 என்ற கொம்பன் யானையை வனத்துறை 2023 ஜனவரியில்தான் மயக்க ஊசி போட்டுப் பிடித்தது. அதனால் கவாவைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

அணைக்கு வந்தபோது மத்தியானம். 1949-இல் வேலை தொடங்கி 1955-இல் திறக்கப்பட்ட அணை இது. அப்போது கேரளம் என்ற மாநிலமே இல்லை, பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவில் இருந்தது. திறந்துவைத்தவர் முதலமைச்சர் காமராஜர். இதைச் சொன்னதும் சித்திக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "அப்ப இது நம்ம டேமுங்க" என்று சேட்டனிடமே சொல்லிவிட்டார். அவரும் விடவில்லை, "டேம் உங்களோடதா இருக்கட்டும் அம்மே, வெள்ளம் எங்களோடது" என்றார். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். பாரதப்புழையில் போய்ச் சேருகிற தண்ணீர் இது. பாலக்காட்டு வயல்களும் டவுன் குடிநீர்க் குழாயும் இதை நம்பித்தான் இருக்கின்றன.

கல் கட்டும் மண் கரையுமாக அணை ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீளம். மேலே நடந்தால் ஒரு கை பக்கம் ஏரி, மறு கை பக்கம் பள்ளத்தில் பூங்கா. வெயிலுக்குக் குடை கட்டாயம்.

பூங்காவில் நான் நின்று பார்த்தது யக்ஷி சிலை ஒன்றைத்தான். சிற்பி கானாயி குஞ்ஞிராமன் 1969-இல் செய்து முடித்தது. சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். முப்பதடி உயரப் பெண், உடம்பில் துணியில்லை. தரையில் காலை அகட்டி உட்கார்ந்து, இரண்டு கையையும் தூக்கிக் கூந்தலைப் பிடித்தபடி, கண்ணைப் பாதி மூடி மலையைப் பார்த்து முகத்தை உயர்த்தியிருக்கிறாள். செய்த காலத்தில் ஏகப்பட்ட எதிர்ப்பு இருந்தது. சித்தியும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "என்னக்கா இது, பசங்கெல்லாம் வர்ற எடத்துல" என்றார். "கோயில் தூண்ல இல்லாததையா இங்க புதுசா கண்டுட்ட? சும்மா வா புள்ள" என்று அம்மா ஒரே அடியாக அடித்துவிட்டார். அந்தச் சிலை முன்னால் கூட்டம் செல்ஃபி எடுக்கும் விதத்தைப் பார்த்தால்தான் எனக்குக் கூச்சமாக இருந்தது. ஓரமாக ஒதுங்கி, அவள் பார்க்கிற திசையில் மலையைப் பாருங்கள். அந்தச் சிலையை ஏன் அங்கே வைத்தார்கள் என்பது அப்போது புரியும்.

ரோப்வேயில் வரிசை நீளம், அம்மாவுக்கு முழங்கால் வலி, விட்டுவிட்டோம். பாம்புப் பண்ணை பிள்ளைகளோடு வந்தால் சரி. சண்டிகர் பாறைத் தோட்டத்தைச் செய்த நேக் சந்த் இங்கேயும் உடைந்த ஓடு, வளையல் துண்டுகளைக் கொண்டு ஒரு தோட்டம் அமைத்திருக்கிறார். அதைத் தவறவிடாதீர்கள்.

வெளியே வந்ததும் மீன் கடை. மசாலா தடவி வரிசையாக அடுக்கியிருந்தார்கள். சித்தி ஒவ்வொரு கடையிலும் "டேம் மீனா, ஐஸ் மீனா?" என்று விசாரித்து, செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லி, நாலாவது கடையில்தான் உட்கார்ந்தார். வறுத்து வந்தது நன்றாகவே இருந்தது. தோல் மொறுமொறுப்பு, உள்ளே மண் வாடை கொஞ்சமும் இல்லை. ஓணம், பொங்கல் விடுமுறைகளில் மட்டும் போகாதீர்கள், உட்கார இடமே கிடைக்காது. தென்மேற்குப் பருவமழை முடிந்த புரட்டாசி, ஐப்பசியில் போனால் ஏரி நிறைந்து இருக்கும். மாடு மேய்கிற கரையைப் பார்க்கவேண்டுமானால் தைக்குப் பிறகு.