உப்புக்கண்டமும் ஏலகங்கா பருந்துகளும்

பெங்களூரு ஏலகங்காவில் விமானக் கண்காட்சி நடக்கும் வருடங்களில், அந்த விமானப்படைத் தளத்தைச் சுற்றிப் பல கிலோமீட்டருக்குக் கறிக்கடை திறக்கக் கூடாது என்று அந்த ஊர் மாநகராட்சி உத்தரவு போட்டுவிடும். 2023-ல் ஜனவரி கடைசியில் ஆரம்பித்து பிப்ரவரி 20 வரை, பத்து கிலோமீட்டர் சுற்றளவில் கறியும் கிடையாது, ஓட்டலில் பிரியாணியும் கிடையாது. புதிதாகக் கேள்விப்படுகிறவர்கள் ஏதோ சாமி காரியம் என்று நினைத்துக்கொள்வார்கள். காரணம் பருந்துதான். கறிக்கழிவு கிடக்கிற இடத்தில் பருந்து வட்டமடிக்கும். அது ஜெட் இன்ஜினுக்குள் போனால் பருந்தும் போச்சு, இன்ஜினும் போச்சு. 1937-ஆம் வருட விமான விதிகளில் 91-வது விதியே இதற்காக இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் ஆடு மாடு அறுப்பது, தோலுரிப்பது, பறவை கூடுகிற மாதிரிக் குப்பை கொட்டுவது எதுவும் கூடாது.

எனக்கு உடனே ஓமலூர் அத்தை வீட்டு மொட்டைமாடிதான் ஞாபகம் வந்தது. காமலாபுரம் விமான நிலையம் அங்கிருந்து கூப்பிடு தூரம். பங்குனி பிறந்தால் அத்தை வீட்டுக் கொடியில் துணி இருக்காது, உப்புப் போட்டுக் காயவைக்கிற கறி, உப்புக்கண்டம்தான் தொங்கும். "விதி அறுக்கிறதத்தானே சொல்லுது, காயப்போடறதச் சொல்லலையே மாமா" என்று அத்தை பேரன் வக்கீல் மாதிரி பேசுகிறான். அவன் படிப்பது பாலிடெக்னிக்.

நான் சேலம் குகைப் பக்கம். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று போட்டோ எடுப்பது தொழில். வித்தியாசமான விமானங்களைத் தேடிப் போய்ப் படம் எடுப்பது தொழிலில் வராத செலவு. இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: உப்புக்கண்டம் காவல்.

எங்கள் வீட்டில் அம்மா கறியைக் கொடியில் தொங்கவிட்டதும் என்னைக் குச்சியோடு மாடியில் உட்கார வைத்துவிடுவார். காக்கா ஒரு பெரிய விஷயமே இல்லை. கத்திக்கொண்டு வரும், கைப்பிடிச் சுவரில் உட்காரும், தலையைச் சாய்த்துப் பார்க்கும், அதற்குள் விரட்டிவிடலாம். பருந்து உட்காரவே உட்காராது. பறக்கிற வேகத்திலேயே காலை நீட்டி ஒரு சரத்தை அப்படியே பிடுங்கிக்கொண்டு போய்விடும். ஆனால் அதற்கு முன் ஒன்று நடக்கும். வெயில் அடிக்கிற தளத்தின் மேல் அதன் நிழல் முதலில் ஓடும். நிழலைப் பார்த்ததும் தலையைத் தூக்கினால் பருந்து எந்தத் திசையிலிருந்து இறங்குகிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் இடுப்பைத் திருப்பி அதன் கூடவே குச்சியை நகர்த்த வேண்டும். பின்னாளில் கேமராவை விமானத்தோடு சேர்த்து நகர்த்தும்போது யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சரி, கறிக்கு வருகிறேன்.

உப்புக்கண்டத்துக்கு வெள்ளாட்டுக்கறிதான். இந்தப் பக்கம் கிடைக்கிற சேலம் கருப்பு ஆடு இதற்கென்றே பிறந்தது, அவ்வளவாகக் கொழுப்பு ஏறாது. மேச்சேரி செம்மறி குழம்புக்கு நல்லது, காயப்போட வேண்டாம். கொழுப்பு எத்தனை வெயிலிலும் காயாது. வைத்திருக்க வைத்திருக்க சிக்கு வாடை அடிக்கும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதைக் கேட்டு வாங்க முடியாது. வாரநாளில் காலையிலேயே போய், "பாய், தொடைக்கறி ஒரு கிலோ, உப்புக்கண்டத்துக்கு" என்று சொன்னால் போதும். பாய் கொழுப்பையும் ஜவ்வையும் சீவிவிட்டு, நார் ஓடுகிற வாக்கிலேயே நீளநீளமாக, விரல் கனத்துக்கு அறுத்துத் தருவார். குறுக்கே அறுத்தால் காய்ந்த பிறகு உதிர்ந்துவிடும். கழுவுவதானால் அறுப்பதற்கு முன்னாலேயே கழுவித் துடைத்துவிட வேண்டும். அறுத்த துண்டை அலசினால் நாம் இறக்கப் பார்க்கிற தண்ணீரை நாமே ஏற்றுகிறோம் என்று அர்த்தம்.

ஒரு கிலோவுக்கு அறுபது கிராம் கல் உப்பு, இரண்டு ஸ்பூன் மஞ்சள்தூள், பதினைந்து வரமிளகாய், ஒரு கைப்பிடி பூண்டு, இரண்டு ஸ்பூன் சீரகம். அம்மியில் தண்ணீர் விடாமல் அரைக்க வேண்டும். பூண்டின் ஈரமே போதும். சில வீடுகளில் இஞ்சி சேர்ப்பார்கள், எங்கள் வீட்டில் கிடையாது. பிசறி மண்சட்டியில் இரவு முழுக்க மூடி வைத்தால், காலையில் சட்டியின் அடியில் சிவப்பாகத் தண்ணீர் நிற்கும். உப்பு உள்ளே போகப் போக வெளியே வந்த தண்ணீர் அது. அதைக் கொட்டிவிட வேண்டும். அதில்தான் ருசி இருக்கிறது என்று திரும்ப ஊற்றிப் பிசறுகிறவர்கள் உண்டு. அவர்களிடம் நான் சண்டைக்குப் போவதில்லை, அவர்கள் வீட்டு உப்புக்கண்டத்தைச் சாப்பிடுவதும் இல்லை.

கோணி ஊசியில் சணலைக் கோத்து, துண்டுகளை ஒன்றுமேல் ஒன்று படாமல் இடையில் முடிச்சுப் போட்டுக் கோக்க வேண்டும். ஒட்டிக்கொண்டிருக்கிற இடம்தான் முதலில் கெடும். காலை எட்டு மணிக்கெல்லாம் கொடியில் ஏற்றிவிட வேண்டும், ஈக்கு மேலே கொசுவலை. முதல் நாள் வெயில்தான் எல்லாம். அன்று சாயங்காலத்துக்குள் துண்டின் மேல்புறம் காய்ந்து தோல் மாதிரி இறுகிவிட்டால் அப்புறம் ஈ அண்டாது. பொழுது சாய்வதற்குள் உள்ளே எடுத்துவிட வேண்டும், பனி படக்கூடாது. இரண்டாம் நாள் செங்கல் நிறம், நான்காம் நாள் கருஞ்சிவப்பு. ஐந்தாறு நாளில் இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் டக்கென்று சத்தம் வரும். ஒடித்தால் உள்ளே நார் வெளுப்பாக, உலர்ந்து தெரிய வேண்டும். ஈரமாக மினுங்கினால் இன்னும் ஒரு நாள். புளிப்பு வாடை வந்தால் யோசிக்கவே கூடாது, குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும். பச்சைக்கறியில் முக்கால் பங்கு தண்ணீர்தான் என்பதால் ஒரு கிலோ கறி கடைசியில் முந்நூறு, முந்நூற்றைம்பது கிராம்தான் தேறும். விலையைக் கணக்குப் போட்டுப் பார்க்காதீர்கள்.

வெயிலை விடக் காற்றுதான் இதில் முக்கியம். சித்திரை மத்தியானத்தில் சேலத்துக் காற்றில் ஈரமே இருக்காது. அந்தக் காற்றுதான் கறியைக் காயவைக்கிறது, வெயில் அதற்கு ஒத்தாசை. ஆனால் அதே மத்தியானம் போட்டோவுக்கு ஆகவே ஆகாது. தரையிலிருந்து அலையலையாகக் கானல் கிளம்பும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டெலி லென்ஸாக இருந்தாலும் விமானத்தின் ஓரமெல்லாம் நெளிந்துதான் விழும். ஏலகங்காவில் பிப்ரவரியிலேயே பத்து மணிக்கு மேல் இந்தத் தொல்லை ஆரம்பித்துவிடும். காலை முதல் பறத்தலுக்கு இடம் பிடிக்கிறவனுக்குத்தான் படம்.

ஃபிலிம் காலத்தில் கல்யாண ரோலில் கடைசி மூன்று நான்கு ஃபிரேம் மிச்சம் வைத்துக்கொள்வேன். லேபிலிருந்து வரும் பிரிண்ட் கட்டில் தாலி கட்டுவது, அட்சதை போடுவது, பந்தி, அதற்கடுத்து விமானப்படையின் சாகசக் குழுவான சூர்யகிரணின் சிவப்பு வெள்ளைக் கிரண் விமானங்கள் என்று வரும். ஒரு மாப்பிள்ளை வீட்டில் ஆல்பத்துக்குக் கொடுத்த கட்டோடு அதுவும் போய்ச் சேர்ந்து, "இது எங்க சம்பந்திங்களா?" என்று கேட்டார்கள். அந்தக் கிரண் விமானங்களோடு குழு பறந்தது 2011 வரைதான். 2015-க்குப் பிறகு ஹாக் விமானங்கள்.

கண்காட்சியில் கூட்டமெல்லாம் சுகோய் போர் விமானத்துக்குத்தான் அலைமோதும். எனக்கு அழகான விமானத்தில் ஈடுபாடு குறைவு. பார்த்ததும் "இதை ஏன் இப்படிக் கட்டினார்கள்?" என்று கேட்க வைக்கிற விமானம்தான் வேண்டும். சரஸ் அப்படி ஒன்று. பெங்களூருவில் இருக்கிற என்.ஏ.எல். என்ற அரசு விமான ஆய்வகம் உருவாக்கிய பதினான்கு இருக்கை விமானம். புரொப்பல்லர் இரண்டும் வால் பக்கத்தில், பின்னோக்கிப் பார்த்தபடி இருக்கும், இழுக்காது, தள்ளும். 2004 மே 29-ல் முதலில் பறந்தது. அதன் இரண்டாவது மாதிரி 2009 மார்ச் 6-ல் பிடதி அருகே விழுந்து மூன்று பேர் இறந்துபோனார்கள். அதன் பிறகு என் சரஸ் படங்களைப் பெரிதாகப் பிரிண்ட் போட மனசு வரவில்லை, கவரிலேயே இருக்கிறது.

டி.யு. 142 வேறு ரகம். நீர்மூழ்கிகளைத் தேடுவதற்கான ரஷ்ய விமானம், அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி தளத்தில் இருந்தது. நான்கு இன்ஜின், ஒவ்வொன்றும் சுமார் 15,000 குதிரைத்திறன். அத்தனை சக்தியை ஒரு புரொப்பல்லர் தாங்காது என்று ஒவ்வொரு இன்ஜினிலும் ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு. முன்னது ஒரு பக்கம் சுற்றினால் பின்னது எதிர்ப்பக்கம். சேலத்திலிருந்து சென்னைக்கு ரயிலில் போகும்போது அரக்கோணம் தாண்டுகிற நேரத்தில் அதைப் பார்த்திருக்கிறேன். பார்ப்பதற்கு முன்பே சத்தம் வந்துவிடும், நெஞ்சுக்குள் அதிர்கிற சத்தம். கேமரா பைக்குள்தான் இருந்தது. கடற்படைத் தளம், வெளியே எடுக்கக் கூடாது, எடுக்கவும் இல்லை. 2017 மார்ச் 29-ல் அவற்றுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஒன்று விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் மியூசியமாக நிற்கிறது, எதிரே குர்சுரா நீர்மூழ்கி. அங்கே ஆசை தீர எடுத்தேன். ஆனால் நின்றுபோன புரொப்பல்லரை எடுப்பதில் என்ன இருக்கிறது? பறக்கும்போது ஷட்டரை 1/125 நொடிக்கு இறக்கினால்தான் பிளேடுகள் வட்டமாகக் கரையும். 1/1000 வைத்தால் புரொப்பல்லர் நின்றுபோன மாதிரி விழும். பார்க்கிறவர்களுக்குப் பயமாக இருக்கும்.

பெலுகா கிடைத்தது அதிர்ஷ்டம். 2022 ஜூலையில் சென்னையில் எரிபொருள் நிரப்ப வந்து இறங்கியது. ஒரு கல்யாண வேலையாக நானும் சென்னையில் இருந்தேன். மண்டபத்தில் உதவியாளனை விட்டுவிட்டுப் பரங்கிமலை ஏறினேன். அங்கிருந்து ஓடுதளம் நன்றாகத் தெரியும். ஏர்பஸ் தன் தொழிற்சாலைகளுக்கு இடையே விமான இறக்கைகளையும் உடல் பாகங்களையும் ஏற்றிப் போகக் கட்டிய விமானம் அது, அந்த மாதிரியில் மொத்தமே ஐந்துதான். நெற்றி உப்பிப்போய் இருக்கும். சரக்கு ஏற்ற முன்பக்கம் முழுக்க மேல்நோக்கித் திறக்கும். ஒவ்வொரு தடவையும் விமானியறையின் ஒயர்களைக் கழற்றி மாட்ட முடியாது என்பதற்காக, விமானியறையையே கதவுக்குக் கீழே இறக்கிவைத்திருக்கிறார்கள். காரணம் தெரிந்த பிறகு அந்த முகம் எனக்குக் கோணலாகத் தெரியவில்லை. கல்யாண வீட்டில் திட்டு விழுந்தது தனிக்கதை.

ஏலகங்காவுக்கு நான் கொண்டுபோவதும் உப்புக்கண்டம்தான். இடித்து நல்லெண்ணெயில் வறுத்த பொடி, தயிர்சாதத்தோடு. அங்கே தடை விற்பனைக்குத்தான், என் தூக்குப்போசிக்கு இல்லை. வெளியே சாலையோரம் நின்று பார்க்கிற கூட்டத்தில் ஒரு கன்னடத்துப் பெரியவர் வாசனையைப் பிடித்துவிட்டார். கறிக்கடை மூடி வாரக்கணக்கில் ஆன ஊர், பாவம். பாதியைக் கொடுத்துவிட்டேன்.

உள்ளூரில் வித்தியாசமான விமானம் ஒன்றும் வராது. காமலாபுரம் ஓடுதளம் சுமார் 1,800 மீட்டர்தான், ஏ.டி.ஆர். மாதிரி புரொப்பல்லர் விமானத்துக்குத்தான் சரிப்படும். முன்பு கிங்ஃபிஷர் கொஞ்ச காலம் வந்தது, நின்றது. 2018 மார்ச் 25-ல் ட்ரூஜெட் ஆரம்பித்தது, அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் மறுபடியும் தொடங்கினார்கள். இங்கே விமானம் வருவதே வித்தியாசம்தான் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஏ.டி.ஆரை நான் எடுத்ததில் பிடித்தது ஏற்காடு லேடீஸ் சீட்டிலிருந்து எடுத்த படம். மழை பெய்து ஓய்ந்த காலை, சேலம் முழுக்கத் துடைத்துவைத்த மாதிரி தெரிந்தது. விமானம் எனக்குக் கீழே போனது. முதுகும் இரண்டு இறக்கையும் முழுதாகத் தெரிகிறது. குனிந்து எடுத்த விமானப் படம் என்னிடம் வேறு இல்லை.

அன்று மதியச் சாப்பாடு நாகலூர்ப் பக்கம் நண்பன் வீட்டில். ஏற்காட்டில் கொடியில் கறி காயவைக்க முடியாது, மத்தியானம் மூன்று மணிக்கே மூடுபனி ஏறிவிடும். நண்பனின் அம்மா விறகடுப்புக்கு மேலே கம்பி கட்டி, அதில் தொங்கவிடுகிறார். காப்பித் தோட்டத்தில் வெட்டிப்போட்ட சில்வர் ஓக் விறகு, மெல்லிய புகை, நாள் கூட ஆகும். நிறம் கரிக்கட்டை. வாயில் போட்டால் முதலில் புகை, அப்புறம்தான் உப்பும் கறியும். எங்கள் வெயில் கண்டத்தைவிட அது ஒரு படி மேல் என்பேன். அம்மா காதில் விழாமல்.

என் மச்சான் ஓசூரில் கரண்டில் காயவைக்கிற பெட்டி ஒன்று வாங்கியிருக்கிறார். ஒரே ராத்திரியில் காய்ந்துவிடும், ஐப்பசி மழையிலும் கவலையில்லை, பருந்தும் வராது. சுத்தம் என்று பார்த்தால் அதுதான் சரி. மழைக்காலத்தில் நானும் அவரிடம்தான் கொடுத்து வாங்குகிறேன்.

காய்ந்ததை ஈரமில்லாத ஜாடியில் போட்டு, வாரம் ஒருமுறை திறந்து முகர்ந்து பார்க்க வேண்டும். வறுக்க அவசரமில்லை: சின்னத் தீயில் நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, இடித்த கண்டம், அவ்வளவுதான். குழம்புக்கானால் வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பச்சை மொச்சையோடோ கத்திரிக்காயோடோ போடலாம். ஊறவைத்தாலும் துண்டுக்குள் உப்பு நிற்கும், கொதிக்கக் கொதிக்க இறங்கும். அதனால் குழம்புக்குத் தனியாக உப்புப் போடாதீர்கள். இறக்குவதற்கு முன் ருசி பார்த்துவிட்டு, வேண்டுமென்றால் ஒரு சிட்டிகை.