பிரவுசரில் திறக்கும் மெயில் தண்டர்பேர்டில் திறக்காதபோது

மூன்று நாளாக, கணினியில் மெயில் படிக்கும் மென்பொருளான தண்டர்பேர்டைத் திறந்தாலே ஒரு பெட்டி வந்து நின்றது: உள்நுழைய முடியவில்லை, கடவுச்சொல்லை மறுபடி கொடுக்கவும். அதே கடவுச்சொல்லைப் பிரவுசரில் கொடுத்தால் இன்பாக்ஸ் உடனே திறந்தது.

நான் முதலில் கடவுச்சொல்லை மாற்றினேன். ஒரு முறையல்ல, இரண்டு முறை. போனிலும் மெயில் வருவது நின்றதுதான் மிச்சம். பிரவுசரில் உள்ளே போக முடிகிறதென்றால் கடவுச்சொல்லில் கோளாறு இல்லை. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

பிரவுசர் நுழைவது ஒரு வாசல், தண்டர்பேர்ட் நுழைவது ஐமேப் என்ற வேறு வாசல். அந்த வாசலைச் சில சேவைகள் தாமாகவே சாத்தி வைத்திருக்கும். பிரவுசரில் அமைப்புகளுக்குள் போய்த் தேடினேன். என் கணக்கில் ஐமேப் அணைந்துதான் கிடந்தது. அதைப் போட்டேன். சர்வர் பெயர் சரி, போர்ட் (இணைப்பு எண்) 993, எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் என்ற மறைகுறியாக்கம், எல்லாம் சரி. அப்படியும் அதே பெட்டி!

அடுத்து, அடையாளம் சரிபார்க்கும் முறை. வெறும் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழைவதைப் பெரிய சேவைகள் கைவிட்டு வருகின்றன. ஜிமெயில் 2022 மே இறுதியிலும், அவுட்லுக்.காம் 2024 செப்டம்பரிலும் தனிப்பட்ட கணக்குகளுக்கு அதை நிறுத்தின. என் சேவையும் அந்தப் பக்கம் வந்துவிட்டிருந்தது. கணக்கு அமைப்பில் 'சாதாரணக் கடவுச்சொல்' என்றிருந்ததை ஓஆத்2 என்று மாற்றினேன்; சேவையின் சொந்தப் பக்கத்தில் நுழைந்து தண்டர்பேர்டுக்கு அனுமதி தரும் முறை அது. பழைய கடவுச்சொல் சேமித்த பட்டியலில் இருந்தால் குழப்பும் என்று அதையும் அழித்துவிட்டு, தண்டர்பேர்டை மூடித் திறந்தேன்.

உள்நுழைவுச் சாளரம் வந்தது. ஆனால் அனுமதி கொடுத்தபின் சுற்றிச் சுற்றி முதல் பக்கத்துக்கே திரும்பியது. இங்கேதான் ஒரு மாலை முழுக்கப் போனது. காரணம் குக்கீ, அதாவது வலைப்பக்கம் நம் கணினியில் விட்டுவைக்கும் சிறு குறிப்பு. பாதுகாப்புக்காக என்று எப்போதோ தண்டர்பேர்டின் தனியுரிமைப் பகுதியில் குக்கீகளைத் தடுத்து வைத்திருந்தேன். ஓஆத்2 சாளரமும் ஒரு வலைப்பக்கம்தான், குக்கீ இல்லாமல் அது வேலையை முடிக்காது. தடையை எடுத்ததும் மெயில்கள் மளமளவென்று இறங்கின.

இதற்கு நடுவே கணக்கையே நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்கலாமா என்றும் கை போனது. நல்லவேளை, செய்யவில்லை. ஐமேப் என்றால் மெயில்கள் சர்வரில் பத்திரமாக இருக்கும், திரும்பி வந்துவிடும். மெயிலைக் கணினிக்கே இறக்கிக்கொள்ளும் பாப் முறையில் இறக்கி, சர்வரில் நகல் விடாமல் வைத்திருந்தவர் கணக்கோடு தரவையும் நீக்கினால் அத்தனை மெயிலும் போய்விடும். நீக்குவதற்கு முன், தண்டர்பேர்ட் எல்லாவற்றையும் சேமிக்கும் புரொஃபைல் கோப்புறையை முழுதாக நகல் எடுத்துவிடுங்கள். ஆண்டுக்கணக்கில் சேர்ந்த கடிதங்கள் அதில் இருக்கும்.

அப்புறம், மெயில் வந்தது, போகவில்லை. அனுப்பும் சர்வர் தனி, அதன் அமைப்பும் தனி. கணக்கு அமைப்பின் பட்டியலில் கடைசியில் இருப்பதால் பார்க்கத் தவறிவிடுகிறோம். என்னுடையதில் போர்ட் 587, கூடவே எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் என்றிருந்தது. அந்த ஜோடி பொதுவாகச் சேராது: 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ் (சாதாரணமாகத் தொடங்கி, பிறகு மறைகுறியாக்கத்துக்கு மாறும் முறை), எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் என்றால் 465. ஸ்டார்ட்டிஎல்எஸ் ஆக்கி, அங்கேயும் ஓஆத்2 கொடுத்தேன். மூன்று நாளாக வரைவில் காத்திருந்த பதில் அடுத்த நொடியே போய்ச் சேர்ந்தது.