100 ஆட்டம் நடத்தினேன், உண்மையில் நடந்தது 2

ஓய்வு நேரத்தில் எழுதிவரும் என் செஸ் இன்ஜினில் (செஸ் ஆடும் நிரல்), ராஜாவின் பாதுகாப்பை எடைபோடும் பகுதியைப் புதிதாகச் சேர்த்தேன். பழைய பதிப்பையும் புதியதையும், இன்ஜின்களை ஒன்றோடொன்று ஆடவைக்கும் கியூட்செஸ் மென்பொருளில் மோதவிட்டேன். இரண்டும் 6 நகர்த்தல் ஆழம்தான் பார்க்க வேண்டும் என்பது மட்டுமே விதி. 100 ஆட்டத்தில் புதியதற்கு 75 புள்ளி, பழையதற்கு 25 (வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை). சந்தோஷம் தாங்கவில்லை.

அப்புறம் ஆட்டங்களைத் திறந்து பார்த்தேன். மூன்றாவது ஆட்டத்தின் 14ஆவது நகர்த்தலில் வெள்ளைக் குதிரை எஃப்5 கட்டத்துக்குப் போகிறது. முதல் ஆட்டத்திலும் அதே நகர்த்தல். ஐந்தாவதிலும் அதேதான். என் இன்ஜின் ஒரே நிலைக்கு ஒரே பதிலைத்தான் சொல்லும். அதனால் புதியது வெள்ளையில் ஆடிய ஒரே வெற்றி 50 தடவையும், கறுப்பில் ஆடிய ஒரே டிரா 50 தடவையும் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன.

சரி, 500 வெவ்வேறு ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்கள்) எடுத்தேன். ஒவ்வொன்றையும் நிறம் மாற்றி இரண்டு முறை ஆட வேண்டும். செஸ் இன்ஜின்களுக்கான டிசெக் போட்டியிலும் ஒரே ஓப்பனிங்கை இப்படித்தான் இரு பக்கமும் ஆட வைக்கிறார்கள். ஓப்பனிங் வெள்ளைக்குச் சாதகமாக இருந்தாலும், அந்தச் சாதகம் இருவருக்கும் ஒருமுறை கிடைத்துவிடும்.

ஆழக் கணக்கிலும் ஒரு கோளாறு இருந்தது. ராஜாவைப் பற்றிக் கூடுதலாக யோசிப்பதால் புதிய பதிப்பு மெதுவானது. ஆழத்தை மட்டும் சமமாக வைத்தால் அந்தத் தாமதத்துக்கு அது எந்த விலையும் கொடுப்பதில்லை. எனவே ஆளுக்கு 10 நொடி, நகர்த்தலுக்கு 0.1 நொடி கூடுதல் என்று மாற்றினேன்.

நேர விதி எவ்வளவு முக்கியம் என்பதற்கு, டீப்மைண்ட் நிறுவனத்தின் செஸ் ஆடும் ஏஐ நிரலான ஆல்பாஜீரோ நல்ல உதாரணம். 2017 டிசம்பரில், அது ஸ்டாக்ஃபிஷ் 8 என்ற பிரபல இன்ஜினுடன் 100 ஆட்டம் ஆடி 28 வெற்றி, 72 டிரா என்று அறிவித்தார்கள். நகர்த்தலுக்கு 1 நிமிடம் என்று கட்டிப்போட்டதால், எங்கே நேரம் செலவழிக்கலாம் என்று தீர்மானிக்கும் ஸ்டாக்ஃபிஷின் திறமை வீணானது. ஸ்டாக்ஃபிஷுக்கு 1 ஜிபி ஹாஷ் (ஏற்கெனவே ஆராய்ந்த நிலைகளைச் சேமிக்கும் நினைவகம்) மட்டும் கொடுத்ததையும் பலர் குறை சொன்னார்கள். 2018இல் வெளியான கட்டுரையில் 3 மணி நேரம், நகர்த்தலுக்கு 15 நொடி என்று மாற்றி 1,000 ஆட்டம் நடந்தது: 155 வெற்றி, 6 தோல்வி. விதியைச் சரிசெய்த பிறகு வந்த அந்த வெற்றியைத்தான் நான் மதிக்கிறேன்.

என் முதல் நேரச் சுற்றில் பழைய பதிப்பு 7 ஆட்டத்தை நேரம் தீர்ந்து இழந்தது. ஏழும் நான் அதே மடிக்கணினியில் வீடியோ பார்த்த நேரத்தில் நடந்தவை. முழுச் சுற்றையும் தூக்கிப்போட்டேன். இப்போது நான்கு கோர்களில் இரண்டு ஆட்டம் மட்டும் ஓடுகிறது. எதிராளியின் முறையில் யோசிப்பதையும் அணைத்துவிட்டேன். தோல்வி என்று பாதியில் முடிக்க இரண்டு இன்ஜின்களின் மதிப்பீடும் ஒத்துப்போக வேண்டும்.

மறுசுற்றில் 300 ஆட்டம் முடிந்தபோது 162–138. அங்கேயே நிறுத்தலாமா என்று கை பரபரத்தது. 1,000 முடிந்தபோது 513–487. இத்தனை ஆட்டத்தில் ஒருவரின் புள்ளி 500இலிருந்து 25 வரை இப்படி அப்படி ஆவது வெறும் அதிர்ஷ்டமாகவே இருக்கலாம், ஆகவே இன்னும் முடிவு சொல்ல முடியாது.

அடுத்த சுற்று 4,000 ஆட்டம் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டேன். நேற்றிரவு தொடங்கியது, ஓடிக்கொண்டிருக்கிறது. மடிக்கணினியை யாரும் தொடக்கூடாது என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.