சந்தக்ஃபூ: ஒரு நோட்டு, ஒரு பென்சில்

மேற்கு வங்கத்தின் சந்தக்ஃபூ மலைக்கு நடந்து போய்விட்டு ஊர் திரும்பி மூன்று நாள்தான் ஆகிறது. வழி, செலவு, தங்கும் இடம் என்று வரிசையாக எழுதலாம் என்றுதான் பயண நோட்டைத் திறந்தேன். முதல் பக்கத்திலேயே அந்த ஜீப்காரர் நிற்கிறார். கோபம் இன்னும் ஆறவில்லை, அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

சிலிகுரியில் ஷேர் ஜீப் ஏறும்போது தலைக்கு 300 ரூபாய் என்று பேச்சு. டார்ஜிலிங் பக்கத்து ஊரான கூம் வந்ததும் கூரையிலிருந்து பைகளை இறக்காமல் 500 கேட்டார். பைக்குத் தனிக் கட்டணமாம்! நல்லவேளை, ஏறின உடனே வண்டி எண், நேரம், பேசின தொகை மூன்றையும் எழுதி வைத்திருந்தேன். அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினேன். கூட வந்த உள்ளூர் அம்மா ஒருவரும் நேபாளியில் அவரைப் பிடித்துக்கொள்ள, 300-க்கே பைகள் இறங்கின. வெளியூர் முகம் என்றால் எதையும் கேட்கலாம் என்பது அநியாயம். பேசின காசை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.

மானேபஞ்சனிலிருந்து சிங்கலீலா தேசியப் பூங்கா வழியாக நடை. வழிகாட்டி கட்டாயம் என்றதும் வயிற்றில் புளி கரைத்தது. நான்கு பேர் பங்கு போட்டதால் சமாளித்தோம். பாதை இந்திய நேபாள எல்லையை ஒட்டியே போகிறது. தும்லிங் நேபாளப் பக்கம். அங்கே அடுப்படியில் உட்காரவைத்து ஒரு கிண்ணம் துக்பா கொடுத்தார்கள். ஆவி பறக்கும் சூப், தடித்த நூடுல்ஸ், கூடவே வாயில் தீப்பிடிக்கிற மிளகாய் அரைப்பு. இரண்டாவது கிண்ணமும் வாங்கினேன். இந்தப் பயணத்தில் நான் கணக்கே பார்க்காமல் செலவழித்த காசு அதுதான். நோட்டில் அந்தப் பக்கம் முழுக்க எண்ணெய்க் கறை.

காளிபோக்ரியில் விடுதிக்காரரிடம் கேட்டு, அவர் முற்றத்திலேயே கூடாரம் அடித்தோம். அறை வாடகை மிச்சம், ஆனால் நவம்பர் குளிர் லேசுப்பட்டதல்ல. விடியும்போது எங்கள் மூச்சே கூடாரத்தின் உள்பக்கத்தில் பனியாக உறைந்திருந்தது. வெயில் பட்டதும் அது சொட்டி நோட்டு நனைந்தது. ஜெல் பேனாவில் எழுதின இரண்டு பக்கம் கரைந்து நீலக் குளமாகிவிட்டது. பென்சிலில் எழுதினது ஓர் எழுத்துகூடப் போகவில்லை. பால்பாயிண்ட் பேனாவும் குளிரில் விறைத்து எழுத மறுத்தது. மலைக்குப் பென்சில்தான். நோட்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, தூங்கும் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து சந்தக்ஃபூவுக்கு 6 கிலோமீட்டர்தான், ஆனால் கடைசி ஏற்றம் மூச்சை வாங்கிவிடும். உயரம் 3,636 மீட்டர், மேற்கு வங்கத்தின் உச்சி. "எழுதறதை அப்புறம் வச்சுக்கோடா, முதல்ல மேல வா" என்று நண்பன் கத்திக்கொண்டே போனான். நான் நின்று நின்றுதான் எழுதினேன். மறுநாள் எழுதினால் அந்த மூச்சுத்திணறல் வரியில் வராது.

கணக்கை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: சென்னையிலிருந்து ரயில் சேர்த்து தலைக்கு 11,400 ரூபாய். பெரிய செலவு வழிகாட்டிக்கு. அது ஒரு ரூபாய்கூட வீணில்லை.

விடியலில் கஞ்சன்ஜங்கா சிவந்தது. மேற்கே தள்ளி எவரெஸ்ட், லோட்சே, மக்காலு. இந்தப் பக்கத்து மலைத்தொடரைத் 'தூங்கும் புத்தர்' என்கிறார்கள். கஞ்சன்ஜங்கா வயிறு, கும்பகர்ணன் சிகரம் தலை. தூங்குகிறவரின் தலைக்குக் கும்பகர்ணன் என்று பெயர்! போன் குளிரில் செத்துவிட்டது. விரல் மடங்காததால் எழுத்தும் வரவில்லை. மலைகளின் விளிம்பை ஒரே கோடாக இழுத்தேன். வழிகாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, என் கையிலிருந்த பென்சிலை வாங்கி, ஒவ்வொரு முனைக்கும் மேலே அதன் பெயரை நேபாளியில் எழுதிக் கொடுத்தார்.